கோ அண்ட் கம்

கொஞ்சம். நான் இங்கிலீஷ் எடுக்கிற வகுப்பை நடத்துகிற நொசாவா சான் அனுப்பிய செய்தியில் அந்த வார்த்தை இரண்டு இடத்தில் வருகிறது, அதுதான் உறுத்துகிறது. விடுமுறை நாளில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கணும் மதி சென்செய், கோ அண்ட் கம் விஷயமாகக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே வர முடியுமா. அவ்வளவுதான். முதல் கொஞ்சத்துக்குப் பிறகு வாக்கியம் முடியவே இல்லை, பாதிப் படியில் நின்றுவிட்ட மாதிரி நிற்கிறது. சென்செய் என்று இன்னும் எழுதியிருக்கிறார், அது ஒரு ஆறுதல், டீச்சர் இல்லை என்று ஆக்கிவிட்டால் அப்படி எழுத மாட்டார். இல்லை, எழுதுவார், இந்த ஊரில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும்போதும் மரியாதையோடுதான் தள்ளுவார்கள். ஜப்பானுக்கு, இந்த ஹமாமட்சுவுக்கு வந்த புதிதில் கொஞ்சம் என்றால் கொஞ்சம் என்றே நம்பினேன். கீழ்வீட்டு அம்மா ஒருநாள் படியில் பார்த்து, உங்க சமையல் வாசனை கொஞ்சம், என்று இழுத்தார். கொஞ்சம்தான் வந்துச்சாக்கும் என்று நான் ஒரு கிண்ணம் நிறைய மீன்குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மூன்று தடவை குனிந்தார். அடுத்த வாரம் வீட்டு ஏஜென்ட் வந்து, தாளிக்கிறபோது ஜன்னலைச் சாத்திக்கொள்ள முடியுமா என்று அவரும் குனிந்து குனிந்து கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இங்கே கொஞ்சம் என்றால் வேண்டாம், கொஞ்சம் என்றால் முடியாது, கொஞ்சம் என்றால் போதும் நிறுத்து. இப்போது எனக்கு இரண்டு கொஞ்சம் வந்திருக்கிறது. பார்த்துவிட்டேன் என்று அவருக்குக் காட்டியிருக்கும், பதில் போடவில்லை. ரயில் கிளம்பிவிட்டது. ஒற்றைப் பெட்டி ரயில், நம்ம ஊர் மினி பஸ்ஸைத் தண்டவாளத்தில் ஏற்றிவிட்ட மாதிரி, பின்வாசலில் ஏறி ஒரு துண்டுச் சீட்டை இழுத்துக்கொள்ள வேண்டும், இறங்கும்போது டிரைவர் பக்கத்துப் பெட்டியில் சீட்டையும் காசையும் போட வேண்டும். மகள் பூவிழி தன் சீட்டையும் அவள் அப்பா சீட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறாள். என்னுடையதை நான் தரவில்லை. கையில் கசக்குவதற்கு ஏதாவது வேண்டியிருந்தது.

அந்த வார்த்தை எப்படி உள்ளே வந்தது என்று யோசித்தால் மியு என்கிற அந்தப் பொண்ணு மேல்தான் பழி போகும், பாவம் மூணாங்கிளாஸ் குழந்தை, அவள் என்ன செய்வாள். நாங்கள் எல்லாம் தரையில் உட்கார்ந்து படம் ஒட்டிக்கொண்டிருந்தபோது கேட்டாள், சென்செய், இத்தெகிமாஸுக்கு இங்கிலீஷ்ல என்ன. இந்த ஊரில் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் சொல்வது இத்தெகிமாஸ், உள்ளே இருப்பவர்கள் பதிலுக்குச் சொல்வது இத்தெராஷாய், திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றும்போது தடைமா. பெரியவர் சின்னவர் எல்லாரும் சொல்கிறார்கள், யாரும் இல்லாத வீட்டைப் பார்த்துக்கூடச் சொல்கிறார்கள். பாடப் புத்தகத்தில் பை இருக்கிறது, சீ யூ இருக்கிறது, குட் பை மிஸ்டர் பிரவுன் இருக்கிறது. மியு கேட்டது அது இல்லை. அவள் கேட்டது எங்கள் வீட்டுச் சமாச்சாரம். அம்மா வீட்டில் யாரும் போறேன் என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்ட முடியாது. சித்தப்பா ஒரு நாள் சாப்பாட்டில் ஏதோ சண்டை, தட்டை நகர்த்திவிட்டு நான் போறேன் என்று எழுந்தார், திருப்பூர் என்றார்கள், பம்பாய் என்றார்கள், இன்றைக்கு வரைக்கும் எங்கே என்று தெரியாது. அதற்கப்புறம் அம்மா வாசலில் செக்போஸ்ட் போட்டாள். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும், நான் புத்தகப் பையோடு பாதி தூரம் ஓடியிருப்பேன், போறம்மா என்று கத்தியிருப்பேன் தெரியாத்தனமாக, ஏய் மதி, திரும்பி வந்து ஒழுங்காச் சொல்லிட்டுப் போடி. திரும்பி வந்து போய்ட்டு வரேம்மா என்று சொல்லி, மறுபடி ஓடி, பஸ் போயிருக்கும். அதனால் மியு கேட்டதும் யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது, ஐ வில் கோ அண்ட் கம். அவளுக்கு அப்படியே பிடித்துப்போனது. இத்தெ என்றால் போய், கிமாஸ் என்றால் வருகிறேன், ஒரு அச்சு மாறாமல் அதேதான். மற்றதுகளும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தன. அன்றைக்கு வகுப்பு முடிந்து ஷூவை மாட்டிக்கொண்டு எல்லாரும் வரிசையாக ஐ வில் கோ அண்ட் கம், டீச்சர் என்று குனிந்துவிட்டுப் போனபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெங்காயம் நறுக்காமலே.

"மாமா, தண்ணி பாட்டில எடுங்க" என்றேன் சும்மா. எதிர் சீட்டில் மலையேறுகிற தொப்பி போட்ட இரண்டு பெண்கள் உடனே அவரைப் பார்த்தார்கள். இது எப்போதும் நடப்பதுதான். அழகேசன் எனக்கு அத்தை மகன், அரை டவுசர் போட்ட காலத்திலிருந்து மாமாதான், கல்யாணம் ஆனதற்காக வேறு பேர் தேட முடியுமா. இங்கே மாமா என்றால் அம்மா. மீசை வைத்த ஒரு மனிதரை நான் கூட்டத்தில் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று இந்த ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. பூவிழி பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் தங்கள் மாமாவைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும் என்றபோது அவள் அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தாள், காகிதப் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு சுற்றிலும் அம்மாக்களுக்கு நடுவில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு அதிலெல்லாம் வெட்கம் கிடையாது. பிளாஸ்டிக் அச்சு வார்க்கிற கம்பெனியில் வாரம் ஆறு நாள் மிஷின் சத்தத்தில் நிற்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமை. அதனால்தான் செய்தியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மிகான் தோட்டத்துக்குப் போய் ஆரஞ்சு பறித்து மரத்தடியிலேயே வயிறு முட்டத் தின்ன வேண்டும் என்பது அவருடைய ஆசை, ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். புளிச்சோறு கட்டியிருக்கிறேன், மூடி இரண்டு தடவை இறுக்கியிருக்கிறேன், இருந்தாலும் பெருங்காயம் பெருங்காயம்தான், அது கொஞ்சம் என்று நிற்காது. "என்ன புள்ள, ஏறுனதுலேர்ந்து முள்ளு மேல ஒக்காந்திருக்க" என்றார் பாட்டிலைக் கொடுத்துக்கொண்டே. ஒன்றும் இல்லை, ரயில் ஆடுகிறது என்றேன். ரயில் அப்படி ஒன்றும் ஆடவில்லை.

நொசாவா சானிடம் யார் போட்டுக்கொடுத்திருப்பார்கள். நோட்டம் பார்க்க வந்த அம்மாக்களில் ஒருவர்தான், அமெரிக்காவில் இரண்டு வருஷம் இருந்தவர், ஒல்லியாக, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வகுப்பு முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாரே அவர். அன்றைக்குக் குழந்தைகள் வாசலில் கோரஸாகக் கோ அண்ட் கம் பாடியபோது அவர் சிரிப்பு அப்படியே இருந்தது, புருவம் மட்டும் ஏறி இறங்கியது. வீட்டுக்கு வந்து போனில் தேடினேன், இந்தியாவில் பேசுகிறார்கள் என்று போட்டிருந்தது, அடைப்புக்குள் தவறு என்றும் போட்டிருந்தது. தவறு. நாங்கள் அத்தனை பேரும் சொன்னோமே. காலேஜில் ஹாஸ்டல் வார்டன் மேடம் சொன்னார், பேங்க் மேனேஜர் சொன்னார், இங்கிலீஷ் எடுத்த தங்கராசு சார் கக்கூஸுக்குப் போகிறபோதுகூட கோயிங் அண்ட் கமிங், கீப் கொய்ட் என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். ரன் என்றால் ஓடு, ஈட் என்றால் தின்னு, தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் பண்ணி வந்த இங்கிலீஷ் என்னுடையது, அதைத் தேய்த்துத் தேய்த்து நானாகப் பளபளப்பாக்கினேன். நொசாவா சானுக்கு இது தெரியாமல் இல்லை. பிறப்பிலேயே இங்கிலீஷ் பேசுகிற வெள்ளைக்காரர் ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருந்தார், கிடைக்கவில்லை, குடியிருப்புக்கு நடுவில் இருக்கிற சறுக்குமரத்தடியில் நான் பூவிழியையும் அவள் சிநேகிதிகளையும் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் திருடன் போலீஸ் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார். வெள்ளைக்காரர் கிடைக்கிற வரைக்கும் என்று அவர் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன். அந்த வகுப்பு போனால் என்ன, குடியா முழுகிவிடும். சாப்பாட்டுக்குக் குறை இல்லை. ஆனால் வாரத்தில் மூன்று நாள் நான் வளர்மதி. மற்ற நாலு நாள் பூவி சானின் அம்மா, இந்தியக்காரர் வீட்டுக்காரி, மீன்குழம்பு. அந்த மூன்று நாளில்தான் சைக்கிளை மிதிக்கும்போது எனக்குக் கால் இருப்பதே தெரிகிறது. அதை ஒரு கோவும் ஒரு கம்மும் பிடுங்கிக்கொண்டு போகும் என்றால். இல்லை, தப்பென்றால் தப்பென்று ஒத்துக்கொண்டு மாற்றிவிட்டுப் போகலாமே, அதற்கென்ன கௌரவம், சீ யூ லேட்டர் என்று சொல்லிக்கொடுத்தால் முடிந்தது. சீ யூ லேட்டர். உன்னைப் பிறகு பார்ப்பேன். எனக்கு ஏன் அது தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது.

ஏரி வந்துவிட்டது. பூவிழி சீட்டில் முழங்கால் போட்டு ஜன்னலில் ஒட்டிக்கொண்டாள், மூக்குப் பட்ட இடத்தில் ஆவி. தண்ணீரில் கம்பு கம்பாக நட்டிருக்கிறார்கள், என்ன வளர்க்கிறார்களோ, மாமா நண்டு என்கிறார், அவருக்குத் தெரியாது. அவளுடைய மஞ்சள் தொப்பியை இன்றைக்கும் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்று அழுது போட்டிருக்கிறாள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு அந்தத் தொப்பி. அதைப் போட்டுக்கொண்டு அதுகள் பாட்டுக்கு நடந்தே பள்ளிக்கூடம் போகின்றன, அப்பா கிடையாது அம்மா கிடையாது வேன் கிடையாது, நாலைந்து குருவிகள் மாதிரி ரோட்டைத் தாண்டுகின்றன. முதல் நாள் நான் பின்னாலேயே ஒளிந்து ஒளிந்து போனேன், பூவிழி திரும்பிப் பார்த்து, அம்மா போ, எல்லாரும் சிரிக்கிறாங்க என்றாள். அன்றிலிருந்து மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தொப்பி மருந்துக்கடை முனையில் திரும்புகிற வரைக்கும் ஒரு பயம், திரும்பிய பிறகு வேறு பயம். போன மாதம் பூமி ஆடியது, பெரிதாக ஒன்றும் இல்லை, பாத்திரம் தட்டு மட்டும் கிணுகிணு என்றது, இங்கே இருப்பவர்கள் டீயைக் கீழே வைக்கக்கூட இல்லை. நான் அடுப்பை அணைத்த கையோடு வெறுங்காலில் தெருவுக்கு ஓடினேன். பள்ளிக்கூடம் இருக்கிற திசை மட்டும்தான் தெரிந்தது. அப்போது என் மண்டைக்குள் என்ன ஓடியது என்றால், சாமி பேர்கூட இல்லை, காலையில் அவள் சொன்னாளா. வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தானே போனாள். நான் பதில் சொன்னேனா, குக்கர் சத்தத்தில் சொல்லாமல் விட்டேனா. சொன்னேன், சொன்னேன் என்று எனக்கு நானே சத்தியம் பண்ணிக்கொண்டு ஓடினேன். எதிரே கீழ்வீட்டு அம்மா, அவரும் செருப்பில்லாமல், அவருடைய பேத்தியும் அதே பள்ளிக்கூடம். இரண்டு பேரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் அவர் குனிந்தார், நானும் குனிந்தேன், அவரவர் வீட்டுக்குப் போய்விட்டோம்.

இப்படி வெறுமனே மென்றுகொண்டிருப்பதைவிடப் பதிலைப் போட்டுவிடுவது மேல். சரி, வருகிறேன், மன்னிக்கவும், இனிமேல் நடக்காது. இனிமேல் நடக்காது என்பதற்கு ஜப்பானிய மொழியில் மரியாதையான வடிவம் எது, கம்பெனியில் மாமா அடிக்கடி சொல்ல வேண்டி வருவது ஒன்று இருக்கிறதே. ஒலிபெருக்கியில் டிரைவர் ஏதோ ஸ்டேஷன் பேர் சொன்னார். மாமா எழுந்தார், புளிச்சோற்றுப் பையைத் தோளில் மாட்டினார், பூவிழியை முன்னால் விட்டார். "வா புள்ள, எறங்கணும்" என்றார். வந்துட்டேன் என்றேன், தலையை நிமிர்த்தவில்லை. மலைத்தொப்பிப் பெண்களும் எழுந்து அவர் பின்னால் போனார்கள். மன்னிக்கவும் வரைக்கும் அடித்திருந்தேன். மன்னிக்கவும் என்று எழுதியதும் விரல் நின்றுவிட்டது. எதற்கு மன்னிப்பு. தப்பான இங்கிலீஷுக்கு, சரி. அந்தக் குழந்தைகள் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனதற்குமா. மன்னிக்கவும் என்பதை அழித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். கதவு மூடுகிற சத்தம் கேட்டபோதுதான் என் கையில் என்னுடைய சீட்டு இன்னும் இருக்கிறது என்று தெரிந்தது.

எழுந்து கண்ணாடியிடம் ஓடினேன். ரயில் நகர்ந்துவிட்டது. வெளியே மாமா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார், அவர் சிரிப்பார், எனக்குத் தெரியும். அவர் பக்கத்தில் மஞ்சள் தொப்பி. பூவிழியின் வாய் அழுவதற்காகத் திறந்தது. ஐயோ, அவளை விட்டுவிட்டு நான் போகிறேன், கண்ணாடிக்கு உள்ளே நான், வெளியே அவள், ஒன்றும் சொல்லாமல், அம்மா பார்த்தால் என்னைத் திரும்பி வரச்சொல்லிக் கத்துவாள், இது திரும்பாது, இது தண்டவாளம். கண்ணாடியில் கையை வைத்தேன். "போய்ட்டு வரேன் பூவி." உள்ளே யாருமே இல்லாத பெட்டியில் தமிழில் கத்தினேன், டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனால் நான் வகுப்புக்குக் கிளம்புகிற மூன்று நாளும் வாசலில் நின்று பார்க்கிற வாய்தானே இது, அசைவு தெரியும். அழப்போன வாய் அப்படியே மாறியது. வீட்டு வாசலில் நிற்கிற மாதிரியே இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, கையை உயர்த்தி, எனக்கும் கேட்கவில்லை, ஆனால் முழுசாகத் தெரிந்தது. இத்தெராஷாய். போய்ட்டு வா. அவ்வளவுதான், அவள் வேலை முடிந்தது என்கிற மாதிரி அப்பா கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஆரஞ்சு மரங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அம்மா வருவாள் என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இரண்டு பேரும் சொல்லியாயிற்றே.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கினேன். ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, ஒரு பெஞ்சு, ஒரு குழாய், யாரோ கூடையில் வைத்துவிட்டுப் போன ஆரஞ்சுகள். டிரைவரிடம் தாண்டி வந்துவிட்டேன் என்றேன், அடுத்த ரயில் எதிர்ப்பக்கம் வரும், அதில் ஏறுங்கள் என்று கையைக் காட்டினார். மாமாவுக்குப் போன் போட்டேன். "ஜப்பான் பூராவும் சுத்திப் பாத்துட்டு மெதுவா வா, நாங்க புளிச்சோற முடிச்சிர்றோம்" என்றார். அப்புறம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நொசாவா சானுக்கு எழுதினேன். எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில், மரியாதை வடிவம் எல்லாம் சரியாக வந்ததா என்று பார்க்கவில்லை. நாளைக்கு வருகிறேன். கோ அண்ட் கம் இங்கிலீஷ்காரர்கள் பேசுகிற இங்கிலீஷ் இல்லை, அதைக் குழந்தைகளுக்குச் சொல்லாமல் விட்டது என் தப்பு, நாளைக்குச் சொல்லிவிடுகிறேன், பரீட்சைக்கும் வெளியாட்களுக்கும் சீ யூ லேட்டர் சொல்லித்தருகிறேன். ஆனால் என் வாசலில் அவர்கள் கோ அண்ட் கம் சொல்லிவிட்டுப் போகட்டும். இத்தெகிமாஸ் என்று சொல்லாமல் உங்கள் பிள்ளையை ரோட்டுக்கு அனுப்புவீர்களா. நானும் அனுப்ப மாட்டேன். செய்தியை அனுப்பிவிட்டுத்தான் பயந்தேன். நல்லவேளை, எழுதியதைப் படித்துப் பார்க்கவில்லை, படித்திருந்தால் அழித்திருப்பேன். உடனே பார்த்துவிட்டார். கூடையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்தேன், பக்கத்து உண்டியலில் காசைப் போட்டேன். கொக்கு ஒன்று தண்டவாளத்தில் நடந்தது. பதில் வந்தபோது என் விரல் எல்லாம் பிசுபிசு. தாய்மார்கள் மூன்று பேர் நாளைக்கு வகுப்புக்கு முன்னால் வருகிறார்கள், ஆசிரியரை மாற்ற முடியுமா என்று கேட்டார்கள், மதி சென்செய் நேரில் விளக்குவார் என்று நான் சொல்லியிருக்கிறேன், இப்போது எனக்கு எழுதியதை அப்படியே அவர்களிடமும் சொல்லுங்கள். கொஞ்சம் என்கிற வார்த்தை எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. ஆசிரியரை மாற்ற. அது இருக்கிறது. மூன்று பேர், அதில் ஒருவர் மடியில் கைப்பை. என் ஜப்பானியம் பாதியில் நின்றால் என்ன செய்வேன், நிற்கும், கட்டாயம் நிற்கும். நின்றால் அவர்களையே கேட்க வேண்டியதுதான், இன்றைக்குக் காலையில் உங்கள் பிள்ளை கிளம்பும்போது என்ன சொன்னாள், நீங்கள் என்ன சொன்னீர்கள். ஒவ்வொருவராக. பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். அதற்கப்புறம் அவர்கள் முடிவு. எழுந்து குழாயடிக்கு நடந்து விரலைக் கழுவினேன், கால் இருப்பது தெரிந்தது.

எதிர்ப்பக்கத்து ரயில் வந்தது. அதே மாதிரி ஒற்றைப் பெட்டி, வேறு டிரைவர். இந்தத் தடவை போனைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, கதவுக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏரி மறுபடி வந்தது, மாமா நண்டு என்று சொன்ன கம்புகள் வந்தன. பிளாட்பாரத்தில் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், தோட்டத்துக்குப் போகவே இல்லை, புளிச்சோற்று டப்பா திறந்திருந்தது, அந்த ஸ்டேஷன் முழுக்க எங்கள் வீட்டு வாசனை. கதவு திறந்ததும் பூவிழி ஓடி வந்தாள், வந்து கட்டிக்கொள்ளவில்லை, முன்னால் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். வாயைச் சுற்றி மஞ்சளாக இருந்தது.

"அம்மா, சொல்லு."

"என்னத்தடி சொல்றது?"

"நான் சொன்னேன்ல. நீ இப்ப சொல்லணும். தடைமா."

மாமா அங்கிருந்து, சொல்லு புள்ள, சொல்லாம உள்ள விடமாட்டா, எங்கத்தை மாரி என்றார். நான் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் தொப்பியை நேராக்கினேன். வாயைத் துடைத்துவிட்டேன். நாளைக்கு இந்நேரம் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

"வந்துட்டேன்" என்றேன்.